நிரூபிக்க வேண்டியவர் யார்?

நஞ்சுக்கு நிறமுண்டு, நாற்றமுண்டு, கசப்புண்டு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். கலங்கிய நீரைக் கண்டால் ஒதுக்குவோம். ஐயம் எழுந்தால் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுவோம். தெளிவாக, குளிர்ந்து, சுவை மாறாமல் குழாயில் வரும் நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்றால் நம்புவதற்கு மனம் தயங்குகின்றது. அந்தத் தயக்கத்தையே முதலாக வைத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வாணிகம் நடந்திருக்கின்றது.

கார்பனையும் புளூரினையும் பிணைத்துச் செய்யப்படும் ஆயிரக்கணக்கான செயற்கை இரசாயனங்களுக்குப் 'பி.எஃப்.ஏ.எஸ்.' என்பது பொதுப்பெயர். வேதியியல் அறிந்த மிக வலிமையான பிணைப்புகளுள் ஒன்று இது. இவற்றில் எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது, வெப்பத்தாலும் இவை எளிதில் அழியா. எனவே தோசை ஒட்டாத சட்டி, கறை படியாத கம்பளம், மழையில் நனையாத மேலங்கி, எண்ணெய் கசியாத பொட்டலத் தாள், எரிபொருள் தீயை அணைக்கும் நுரை எனப் பலவற்றிலும் இவை இடம்பெற்றன. எந்த உறுதிக்காக இவை போற்றப்பட்டனவோ, அதே உறுதி இன்று சாபமாகிவிட்டது. மண்ணும் வெயிலும் இவற்றைச் சிதைப்பதில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் போவதில்லை. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். உடலில் புகுந்தவற்றுள் பெயர்பெற்ற சில, பாதி அளவு வெளியேறவே சில ஆண்டுகள் பிடிக்கும். தாயின் குருதியிலிருந்து கருவிலுள்ள குழந்தைக்கும் இவை செல்கின்றன. 'என்றும் அழியா இரசாயனங்கள்' என்னும் பட்டப்பெயர் இவற்றுக்குப் பொருத்தமே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இதனைக் கற்றுக்கொண்ட வரலாறு நம் கருத்துக்குரியது. பேரேரிகள் நான்கு சூழ்ந்த நிலம் அது, நன்னீருக்குக் குறைவில்லை. அங்கே ஒஸ்கோடா என்னும் ஊரருகே 1993-இல் மூடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்று உண்டு. தீயணைப்பு நுரை பல்லாண்டுகள் பயன்படுத்தப்பட்ட இடம் அது. 2010-இல் அத்தளத்தின் நிலத்தடி நீரில் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் பணியாற்றிய ராபர்ட் டெலனி, இது ஓர் ஊரோடு நிற்கும் சிக்கல் அன்று என்று எச்சரித்து, 2012-இல் விரிவான அறிக்கை ஒன்றை மேலிடத்தில் அளித்தார். அவ்வறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வர ஐந்தாண்டுகள் ஆயின.

2017-இல் ராக்ஃபோர்டு வட்டாரம் விழித்துக்கொண்டது. உல்வரின் வேர்ல்ட் வைட் என்னும் காலணி நிறுவனத்தின் தோல் பதனிடும் ஆலை அங்கே இயங்கி வந்தது. தோலில் நீர் ஏறாதிருக்க, 3எம் நிறுவனத்தின் 'ஸ்காட்ச்கார்டு' என்னும் பூச்சு பயன்பட்டது. ஆலைக் கழிவு கொட்டப்பட்ட நிலத்தின் அருகிலிருந்த வீட்டுக் கிணறுகளில் நஞ்சு பெருகியிருந்தது. மறு ஆண்டு, சூலைத் திங்களில், பார்ச்மென்ட் என்னும் சிற்றூரின் பொதுக் குழாய் நீரில் கூட்டரசு அறிவுறுத்திய அளவைப் போல் இருபது மடங்கு நஞ்சு காணப்பட்டது. காகித ஆலையால் வளர்ந்த அவ்வூரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அந்நீரைப் பருகி வந்தனர். குழாய் நீரைக் குடிக்காதீர் என்ற அறிவிப்பு வந்தது. புட்டித் தண்ணீர் வழங்கப்பட்டது. அதுவரை எத்தனை கோடைகள், எத்தனை குவளைகள்! எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதே 2018-இல் மிச்சிகன் அரசு தன் பொதுக் குடிநீர் அமைப்புகளையும், சொந்தக் கிணறு வைத்திருந்த பள்ளிகளையும் சோதித்தது. ஏறத்தாழ 90 விழுக்காட்டு இடங்களில் நஞ்சு தென்படவில்லை. இது மகிழ்ச்சிக்குரியதே, அவ்வரசைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் பார்ச்மென்ட் ஊரின் உண்மை வெளிப்பட்டதும் இச்சோதனையால்தான். தேடிய பின்னரே கிடைத்தது. தேடாத காலத்தில் 'இல்லை' என்று சொல்லப்பட்டதற்கு 'பார்க்கவில்லை' என்பதே பொருள்.

'அளவு மிகச் சிறிது' என்பது ஆலைத் தரப்பின் முதல் வாதம். உண்மைதான், இங்கு அளவிடுவது லட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் கணக்கில். ஆனால் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும் பொருளுக்கு ஒரு நாளின் சிறுதுளி, சிறுதுளியாகவே நின்றுவிடுவதில்லை. அன்றியும், 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்பது எங்கே நிற்கின்றது? நன்கு அறியப்பட்ட பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரண்டும் சேர்ந்து 70 பங்கு வரை இருக்கலாம் என்று 2016-இல் கூட்டரசு அறிவுறுத்தியது. 2020-இல் மிச்சிகன் அவற்றுக்கு முறையே 8, 16 என்று வரம்பு விதித்தது. 2024-இல் கூட்டரசே ஒவ்வொன்றுக்கும் 4 என்று குறைத்தது. 2018-இல் 60 பங்கு கலந்த நீரைக் குடித்தவரிடம் 'வரம்புக்குள்தான் இருக்கின்றது' என்று கூறியிருப்பர். அவருடைய உடல் மாறவில்லை, நீரும் மாறவில்லை, எண் மட்டுமே மாறியது.

இரண்டாம் வாதம், 'தீங்கு என்பதற்குச் சான்று எங்கே?' என்பது. இப்படிக் கேட்போர் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தை நோக்கட்டும். பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபான்ட் நிறுவனத்தின் ஆலை 1951 முதல் பி.எஃப்.ஓ.ஏ.-வைப் பயன்படுத்தியது. 1984-லேயே அந்நிறுவனம் சுற்று வட்டாரக் குழாய் நீரைச் சோதித்து அதில் இப்பொருள் இருப்பதை அறிந்தது, குடிப்பவர்களுக்குச் சொல்லவில்லை. மாடுகள் மடிந்ததைக் கண்ட ஓர் உழவருக்காக வழக்கறிஞர் ராபர்ட் பிலாட் 1999-இல் வழக்குத் தொடுத்த பின்னரே உண்மை வெளிவரத் தொடங்கியது. ஏறத்தாழ 69,000 பேரின் குருதி சேகரிக்கப்பட்டு, அறிவியல் குழு ஆராய்ந்து, 2012-க்குள் சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுடன் தொடர்பு இருக்கலாம் என்று முடிவு கூறியது. 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.-வைப் புற்றுநோய் விளைவிப்பது என்றே வகைப்படுத்தியது. சான்று கேட்டார்கள், மக்கள் தங்கள் உடலையே சான்றாகத் தந்தார்கள். இதற்கு மேலும் என்ன வேண்டும்?

மூன்றாவது வாதம் செலவு. மிச்சிகனின் 2020-ஆம் ஆண்டு விதிகளை எதிர்த்து 3எம் நிறுவனம் 2021-இல் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீரைத் தூய்மை செய்வதால் தொழில்களுக்கு ஏற்படும் செலவை அரசு முறையாகக் கணக்கிடவில்லை என்ற வாதத்தை 2022-இல் கீழ்நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டின்போது விதிகள் நடைமுறையில் நீடித்தன. சட்டத்தின் நுட்பத்தில் அத்தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. இப்பொருளைச் சந்தைக்கு அனுப்பிய நாளில், கிணற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படும் செலவைக் கணக்கிட்டுக் காட்டு என்று யாரேனும் ஆலையைக் கேட்டார்களா? காப்பவனிடம் மட்டும் கணக்குக் கேட்பது என்ன நீதி?

தோல் பதனிடும் ஆலை என்றதும் நம் பாலாறு நினைவுக்கு வராமல் போகாது. அங்கே கலந்த கழிவு வேறு. ஆனால் கேள்வி இதுவே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே உரியது என்று 1996-இல் நம் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இதையே கற்பிக்கின்றது: மீளாத் தீங்கு நேரக்கூடும் என்று தெரிந்தால், முழுச் சான்றுக்குக் காத்திராமல் நிறுத்த வேண்டும், மெய்ப்பிக்கும் பொறுப்பும் இடம் மாற வேண்டும். அறத்தில் ஐயமில்லை. ஆயினும் தீர்ப்பு எழுதியதால் மட்டும் பாலாறு தூய்மையாகிவிடவில்லை. 2025-இலும் உச்ச நீதிமன்றம் அதே வேலூர்த் தோல் கழிவுகளைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

'இதற்கு வழியே இல்லை' என்று சோர்வதும் பிழை. 3எம் நிறுவனம் 2000-இல் பி.எஃப்.ஓ.எஸ். தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன்பின் அமெரிக்க மக்களின் குருதியில் அதன் அளவு 85 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கின்றது. தடுத்தால் குறையும், இது கண்கூடு. ஆனால் ஒன்றை விலக்கிவிட்டு அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைப் புதுப்பெயரில் கொணர்வது தடுப்பு ஆகாது. 2023-இல் 3எம் நிறுவனம் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு 1,030 கோடி டாலர் தர இசைந்தது. அத்தொகை கரி வடிகட்டிகளை வாங்கித் தரும். குடித்துவிட்ட நீரைத் திரும்ப எடுத்துத் தராது.

எனவே, அன்பர்களே, நாம் கோர வேண்டியது எளியது. இரசாயனம் ஒன்று சந்தைக்கு வருமுன் அது தீங்கற்றது என்று செய்பவரே மெய்ப்பிக்கட்டும். அதனை நீரில் கண்டறியும் முறையையும் அவரே தரட்டும். சோதனை முடிவுகள் குடிப்பவரின் கைக்கு வரட்டும். நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி என்னும் உரிமை மனிதனுக்கு உரியது. அதனை இரசாயனத்துக்கு வழங்கிவிட்டு, குழாயடியில் குவளையோடு நிற்பவரிடம் சான்று கேட்கும் வழக்கத்துக்கு நாம் இனியும் உடன்படலாகாது.