அடைக்கலம் வந்த நாய்க்கு அவகாசம் வேண்டும்

தெருவில் அடிபட்டோ, வளர்த்தவரால் கைவிடப்பட்டோ, காப்பகத்துக் கூண்டில் பல மாதம் கிடந்தோ, கடைசியில் ஒரு நல்ல குடும்பத்தாரின் கண்ணில் பட்டு அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும் நாய், தனக்கு வாய்த்த பாக்கியத்தை அன்றைக்கே உணர்ந்து வாலை ஆட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, வைத்த சோற்றை முகர்ந்தும் பாராமல், நீட்டிய கையைக் கண்டு உறுமினால், இரண்டு வாரம்கூடப் பொறுக்காமல், 'இது நமக்குச் சரிப்பட்டு வராது' என்று கொண்டுவந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். இப்படித் திருப்பி அனுப்பப்படும் பிராணியின் விஷயத்தில் குற்றம் பெரும்பாலும் நம்முடைய அவசரத்தினுடையது என்பதே என் அபிப்பிராயம்.

அந்த அவசரம் அன்பின் ரூபத்திலேயே வருவதுதான் சங்கடம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பற்றி நம் பழமொழி சொல்வது வேறொரு கருத்துக்காக. ஆனால் வந்த அன்றே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கூடத்தின் நடுவே நிறுத்தி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையெல்லாம் அழைத்துத் தடவிக்கொடுக்கச் சொல்லும் வீடுகள் எத்தனையோ உண்டு. குக்கரின் விசிலும் மிக்ஸியின் இரைச்சலும் புதிதாகக் கேட்கும் அந்த ஜீவனுக்கு, முகத்துக்கு நேரே குனிந்து தலைக்கு மேல் கையைக் கொண்டுவரும் அந்நியர் ஒவ்வொருவரும் ஓர் அபாயமாகவே தோன்றுவார். அது தன் பயத்தை மறைப்பதுமில்லை: உதட்டை நக்குகிறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கிறது, இவ்வளவையும் நாம் கவனியாதபோதுதான் உறுமுகிறது. உறுமலுக்காக அடிப்பவர், எச்சரிக்காமல் கடிக்க அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்.

பயம் எவ்வளவு ஆழத்தில் தங்கும் என்பதற்கு ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆராய்ச்சிசாலையில் நிகழ்ந்த சம்பவத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் நேவா நதி பெருக்கெடுத்து, நாய்க்கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நாய்கள் பிழைத்துக்கொண்டன, ஆனால் அவற்றுள் சில, நெடுநாள் பழகியிருந்த பயிற்சியை அடியோடு இழந்து நின்றன. பின்னர் ஒரு நாயின் அறையில் கதவுக்கடியில் சிறிது தண்ணீர் கசியவிட்டபோது, அது பழைய கலவரத்துக்கே திரும்பிவிட்டது. நம் வீட்டுக்கு வரும் நாய் எந்த வெள்ளத்தைக் கண்டதோ, நாம் அறியோம்.

நான் பழகும் ஒரு வீட்டில், காப்பகத்திலிருந்து வந்த செந்நிறப் பெண் நாயொன்று, வேலைக்கார அம்மாள் துடைப்பத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிச் சிறுநீர் கழித்துவிடும். அந்த வீட்டார் அதை அதட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வையை விரித்து, அந்த மூலைக்குள் யாரும் கை நீட்டலாகாது என்று விதித்துவிட்டார்கள். நாய் அந்தப் பக்கம் இருக்கும்போது பெருக்குவதை நிறுத்திவைத்தார்கள். வேளை தவறாமல் தயிர்சாதத் தட்டை வைத்துவிட்டு விலகிப்போவார்கள். வீட்டு அம்மாள் மாத்திரம் சற்றுத் தள்ளி, நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். தட்டு நாளுக்கு நாள் ஒரு சாண் இடம் நகர்ந்தது. எல்லோரும் உறங்கிய பிறகே சாப்பிட்டுவந்த நாய், ஒரு பிற்பகலில் தானாகவே வந்து அவருடைய முழங்கையை முகர்ந்தது. அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலிய வந்து தொடும் உரிமையை நாய்க்கே விட்டுவிட்ட அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்று நாளில் மிரட்சி தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் படியும், மூன்று மாதத்தில் இது தன் வீடென்று தோன்றும் என்பது நாய் காப்போரிடையே வழங்கும் ஒரு கணக்கு. அதை ஜோதிடமாகக் கொள்ளாமல், குறைந்தபட்ச அவகாசமாகக் கொள்வது நலம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் பூச்சி மருந்தையும் ஒத்திப்போடலாகாது, குளியலை ஒத்திப்போடலாம். மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுமாதலால், மார்பைச் சுற்றிக் கட்டும் வாரே உத்தமம். தெருக்கதவு எந்நேரமும் தாழிட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நாயை அழைத்துவருவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நாயைத் தத்துக் கொடுக்கும் ஸ்தாபனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரே நாள் முகாமில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாயை ஒப்படைப்பதைவிட, குடும்பத்தார் இரண்டு மூன்று முறை வந்து அதனுடன் பழகிய பின் கொடுப்பதும், அதற்குப் பிறகும் சில மாதம் வீடு தேடிப்போய் விசாரிப்பதும் அவசியம். எவ்வளவு முயன்றும் இயலாமற்போகும் குடும்பம், நாயை வாங்கிய இடத்திலேயே ஒப்படைக்கட்டும். ஊர்க்கோடியில் இறக்கிவிட்டு வருவது மன்னிக்கத்தக்கதல்ல. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்யசபையில் மன்றாடியதன் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதித்த உச்ச அபராதம் ஐம்பது ரூபாய்; அந்தத் தொகையை உயர்த்தும்படி நம் பிரதிநிதிகளை நாம் வற்புறுத்த வேண்டும்.