பெயரற்ற பொத்தான்கள்

பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியை அவர் உபயோகிக்கும் விதத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பிரமித்துப்போவார்கள். திரையின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்துவார். விரலுக்கடியில் எது இருக்கிறதோ அதன் பெயரைக் குரல் சொல்லும். வேண்டியது அகப்பட்டதும் இருமுறை தட்டுவார், திறந்துகொள்ளும். அந்தக் குரலோ, நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில், ஓட்டுக்கூரையில் விழும் மழையைப்போலப் பொழிந்துகொண்டிருக்கும். அவர் செவி அதிலிருந்து சொல் சொல்லாகப் பொறுக்கிக்கொள்ளும்.

சென்ற மாதம் ஒரு மாலை, பேத்திக்குப் பணம் அனுப்புவதற்காகப் புதிய செயலி ஒன்றைத் திறந்தார். "பட்டன்" என்றது குரல். விரலை நகர்த்தினார். "பட்டன்." இன்னும் நகர்த்தினார். "பட்டன்." கண்ணுள்ள எனக்கு அங்கே ஓர் அம்புக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் ஒரு குப்பைக்கூடையும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைச் சித்திரமாக வரைந்தவர், ஒவ்வொன்றின் பின்னாலும் 'அனுப்பு', 'ரத்து செய்' என்று ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால் குரல் அதை வாசித்திருக்கும். எழுத அரை நிமிஷம் ஆகியிராது. "எது அனுப்புவது, எது அழிப்பது என்று தெரியாமல் பணத்தில் எப்படிக் கை வைப்பது, ஐயா?" என்று கேட்டவர், சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டுப் பேசியை என்னிடம் நீட்டித் தம் ரகசிய எண்ணையும் சொன்னார். அந்த எண்ணைச் செவியில் வாங்கிக்கொள்ள என் மனம் கூசிற்று. நாற்பது வருஷ சிநேகிதமானாலும், அது நான் அறிய வேண்டிய விஷயமன்று.

இதற்கு வழி தெரியாமல் உலகம் திகைத்து நிற்கவில்லை. வலைத்தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான சர்வதேச நெறிகள் 1999-இலேயே வெளியாகிவிட்டன. சித்திரம் எதுவாயினும் அதற்கு ஈடான சொல்லைக் கூடவே தருக என்பதுதான் அவற்றின் முதல் விதி. பெரும்பொருள் கொடுத்தாலன்றித் திரைவாசிப்பு மென்பொருள் கிடைப்பது அரிதாயிருந்த நிலையில், 2006-இல், மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் தம் நண்பர் ஜேம்ஸ் டே-யுடன் சேர்ந்து என்விடிஏ என்னும் மென்பொருளை இலவசமாகவே அளிக்க முற்பட்டார், இருவருமே பார்வையற்றவர்கள். கேட்கும் கருவி இவ்விதம் ஆயத்தமாக இருக்கையில், சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலிருப்பதே இன்றைய குறை.

நியாயஸ்தலமும் இதைக் கவனித்திருக்கிறது. வங்கிக் கணக்குத் தொடங்குவோர் உயிருள்ள மனிதர்தாமா என்று சோதிக்க, காமிராவின் முன் கண் சிமிட்டச் சொல்லும் ஏற்பாடு ஒன்று வந்தது. திராவகத்தால் முகமும் இமைகளும் சிதைக்கப்பட்ட பெண் எவ்வாறு சிமிட்டுவாள்? பார்வையற்றவர் திரையின் வட்டத்துக்குள் முகத்தை எவ்வாறு பொருத்துவார்? அத்தகையோர் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையின் அங்கமே என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. கருணையால் செய்யும் உபகாரமாக இதைக் கருதிவந்தவர்கள் அத்தீர்ப்பை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

இவ்வளவு எழுதிய நானும் குற்றத்துக்கு அப்பாற்பட்டவனல்லன். என் பழைய கட்டுரைகள் சிலவற்றை நண்பருக்கு அனுப்பியிருந்தேன். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அதில் 'அம்மா' என்ற சொல் திரையில் அம்மாவாகவே தோன்றும். உள்ளேயோ ஆங்கில விசைகளே பதிவாகியிருக்கும். "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று அவருக்கு அது ஒலித்தது. பக்கம் பக்கமாக இப்படியே. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே நியமமாக ஏற்றுக்கொண்டும், இவ்விதக் கோப்புகளும், காகிதத்தைப் படம் பிடித்து வைத்த, குரலால் நேரே வாசிக்கவொண்ணாத கோப்புகளும் நம் ஆவணங்களிடையே இன்னமும் மலிந்து கிடக்கின்றன.

இரண்டு வாரங்களாக அக்கட்டுரைகளை யூனிகோடில் மீண்டும் தட்டச்சு செய்து வருகிறேன். முதலாவதை அனுப்பிய அன்று இரவே நண்பர் கூப்பிட்டார். எப்படி இருந்தது என்று நான் ஆவலுடன் கேட்குமுன், "மூன்றாம் பத்தியில் 'தமிழ்ப் பற்று' என்ற இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஐயா, எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்" என்றார். உடனே திருத்தினேன்.