தேயிலையும் வீட்டு வரியும்

அமெரிக்கா சுதந்தரம் அடைந்த கதையை நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "தேயிலைக்கு வரி போட்டார்கள், ஜனங்கள் ஆத்திரத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், சண்டை மூண்டது" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். வரி கொடுக்க மனமில்லாத கஞ்சர்கள் கூடி ஒரு தேசத்தை உண்டாக்கிவிட்டார்கள் என்றல்லவா இதற்கு அர்த்தம்!

உண்மைக் கதை வேறு. 1773-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் செய்த சட்டம் தேயிலையின் விலையைக் குறைப்பதற்கு வழி செய்தது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்ற வேண்டியிருந்தது. ஆமாம், நம்முடைய பூந்தமல்லிச் சீமையில் வரி தண்டிய அதே கம்பெனிதான். அதன் தேயிலை நேராக அமெரிக்காவுக்குப் போய் மலிவாக விற்கலாம் என்றார்கள். ராத்தலுக்கு மூன்று பென்ஸ் என்று முன்பே இருந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 16-ம் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குள் போயிற்று.

மலிவாக வந்த சரக்கை யாராவது கடலில் கொட்டுவார்களா? அவர்கள் கொட்டினார்கள். அந்த மூன்று பென்ஸை விதித்த சபையில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர்கூட இல்லை என்பதுதான் காரணம். இன்றைக்கு மூன்று பென்ஸை வாய் பேசாமல் கொடுத்தால், நாளைக்கு முப்பது கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவனுடைய சொத்தை அவன் சம்மதமில்லாமல் சர்க்கார்கூடத் தொடக்கூடாது என்று ஜான் லாக் என்ற ஆங்கிலேயரே அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு எழுதி வைத்திருந்தார்.

லண்டன்காரர்கள் சொன்ன பதில் வேடிக்கையானது. "பார்லிமெண்ட் எல்லாருக்கும் பொதுவானது, நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் என்ன, அங்கே இருப்பவர்கள் உங்களுக்கும் பிரதிநிதிகளே" என்றார்கள். பாஸ்டன்காரர்கள் சிரித்தார்கள். 1774-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஊரார் கூடிப் பேசும் ஊர்க்கூட்டங்களைக் கவர்னரின் அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் நடத்தக்கூடாது; தேர்ந்தெடுக்கப்பட்டுவந்த ஆலோசனை சபையை இனி அரசரே நியமிப்பார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மறு வருஷம் ஏப்ரலில் துப்பாக்கி வெடித்தது.

அடிமைகளை வைத்துக்கொண்டு சுதந்தரம் பேசியவர்கள் அவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அவர்களைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் நமக்குப் போதும்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சென்னைக்கு மேற்கே போவோம். அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த ஊர். ஆவடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று 1955-ல் காங்கிரஸ் மகாசபை தீர்மானம் போட்ட ஊர். பூந்தமல்லியைப் பற்றி முன்பே சொன்னேன். இந்த மூன்று ஊர்களிலும் 2016 அக்டோபரில் மன்றங்களின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தது? 2022 பிப்ரவரியில்! ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் கிடையாது, தலைவர் கிடையாது. தனி அதிகாரிகள் ஆண்டார்கள். 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆயிற்று. மேயர் இல்லாத மாநகராட்சி!

வரி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. 2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 சதவிகிதம் வரை, மற்றக் கட்டடங்களுக்கு 100 சதவிகிதம் வரை உயர்த்தச் சொல்லி உத்தரவும் பிறந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு பலமாக அடிபட்ட 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். தேர்தலின் நிழலுக்கே இத்தனை சக்தி இருந்தால், தேர்தலுக்கு எத்தனை சக்தி இருக்கும்!

"நீதிமன்றத்தில் வழக்கு இருந்ததே, வார்டு எல்லை வரையவேண்டியிருந்ததே" என்பார்கள். இருக்கட்டும். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறதே, அதற்கு என்ன பதில்? "எம்.எல்.ஏ. இருக்கிறாரே, அவர் போதாதா?" என்பார்கள். இதுதான் ஐயா லண்டன்காரன் சொன்ன பதில்! தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கோட்டையில் இருப்பவர் பிரதிநிதி என்றால், பாஸ்டனுக்கும் பார்லிமெண்டே போதும்.

நான் குற்றம் சொல்வது ஆண்டவர்களை மட்டும் அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் ஊராட்சி மன்றம் தலைவலிதான். சென்னையில் 1973 முதல் 1996 வரை இருபத்து மூன்று வருஷம் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றமே இல்லை. 1882-ல் உள்ளூர் சுயாட்சிக்கு வழி காட்டிய ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கிய மாளிகையில்தான் இந்த விநோதம் நடந்தது. என்னுடைய சண்டை படித்தவர்களான நம்மோடு. தண்ணீர் ஒரு நாள் வராவிட்டால் தெருவில் இறங்குகிறோம். பிரதிநிதி ஐந்து வருஷம் வராதபோது, வரிசையில் நின்று வரியைக் கட்டி, ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டோம். சலுகைத் தேதி தப்பிவிடப் போகிறதே என்ற கவலைதான் நமக்கு!

2022 ஏப்ரலில் வரி மறுபடி உயர்ந்தது. ஆனால் அப்போது மன்றங்கள் இருந்தன. "நீ என்ன பேசினாய்? எதற்குக் கை தூக்கினாய்?" என்று கேட்பதற்கு வார்டுக்கு ஓர் ஆள் இருந்தார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போயிற்று.

கடலில் எதையும் கொட்டச் சொல்லவில்லை நான். வரியைக் கட்டுங்கள். சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். பணம் இல்லாமல் ஊர் நடக்காது. பாஸ்டனின் ஊர்க்கூட்டத்தைப் போல நமக்கும் பகுதி சபை என்று ஒன்று 2022-ல் வந்திருக்கிறது. அதற்குப் போய் உட்காருங்கள். 2022-ல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஆயுளும் ஐந்தே வருஷம்தான். அது முடிகிற நாளைப் பால் கணக்கோடு சேர்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த நாளில் தேர்தல் தேதி தெரியவில்லையென்றால், வரி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: "எங்கள் பணம் இங்கே இருக்கிறது. எங்கள் ஆள் எங்கே?"