கோடு போட்ட பிறகு அபராதம் போடுங்கள்

பெரம்பலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் என்ற முறையிலும், நகராட்சி, காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எனத் தனித்தனி வாசல் கொண்ட இலாகாக்களை ஒரே மேஜையைச் சுற்றி அமர வைக்கும் அதிகாரம் உடையவர் என்ற முறையிலும், பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயத்தைத் தங்கள் சமுகத்தில் விண்ணப்பித்துக்கொள்கிறேன். கடைவீதியில் வண்டி நிறுத்துவதும், நிறுத்தியவர்மேல் அபராதம் விதிப்பதும் பற்றியது அது. அண்டையிலுள்ள அரியலூர் ஆட்சித் தலைவரும் இம்மடலைத் தமக்கும் எழுதியதாகவே கொள்ளலாம்.

பெரம்பலூர் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்து ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. அரியலூரோ 2001இல் மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் மாவட்டமான விசித்திர சரித்திரம் உடையது. ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் பெரிய ஆஸ்பத்திரியும் வந்தன, ஜனங்களும் வந்தார்கள், ஆனால் தாலுகா ஊர் ஒன்றுக்குப் போதுமென்று, மாட்டு வண்டியும் சைக்கிளும் ஒதுங்கிப் போகும் அளவில் அமைந்த கடைவீதி மட்டும் அன்றிருந்த அகலத்திலேயே இருக்கிறது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் விற்றவரும், வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிப்பவரும், குன்னத்திலிருந்து பெண்ணின் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருபவரும், நகைக்கடனைத் திருப்பப் பாங்கிக்கு வருபவரும், பழைய பேருந்து நிலையத்தை அடுத்த தெருக்களில் தம் இருசக்கர வாகனத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தித்தானே ஆகவேண்டும்? எங்கே நிறுத்தலாகாது என்பதை அபராதச் சீட்டு அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எங்கே நிறுத்தலாம் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

சட்டம் இவ்வளவு ஒருதலையானது என்று நான் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு அபாயமோ இடையூறோ மிகையான அசௌகரியமோ விளையும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 117ஆம் பிரிவோ, உள்ளூர் ஆட்சி மன்றத்தோடு கலந்து, வண்டிகள் நிற்கத்தக்க இடங்களையும் அவை நிற்கத்தக்க கால அளவையும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும், அரசு நியமித்த அதிகாரிக்கும் அளிக்கிறது. எண் வரிசையில் 117 முன்னே நிற்க, நடைமுறையில் 122 மட்டுமே வீதிக்கு வருகிறது; முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்வதில் சட்டக் குற்றம் ஒன்றுமில்லை என்று வக்கீல்கள் வாதிக்கலாம், ஆயினும் நியாயக் குறை உண்டென்றே எனக்குப் படுகிறது.

தொகையையும் சற்று எண்ணிப் பாருங்கள். முன்னர் நூறு ரூபாயாக இருந்த இந்தப் பொது அபராதம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டித் தமிழக அரசு 2022 அக்டோபரில் பிறப்பித்த ஆணையால் முதல் முறைக்கு 500 ரூபாயாகவும், மறுமுறைக்கு 1,500 ரூபாயாகவும் உயர்ந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். கால் மணி நேரம் மருந்துக் கடை வாசலில் நின்ற வண்டிக்கு, ஏறக்குறைய ஒன்றரை நாள் வெயிலில் மண் வெட்டிய கூலி போய்விடுகிறது என்று பொருள். சீட்டைக் கையில் கொடுத்து முகம் பார்த்துச் சொல்லும் வழக்கமும் குறைந்துவருகிறது. நின்ற வண்டியைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டால், கைப்பேசியில் சலான் வந்த பின்னரே உரியவருக்கு விஷயம் தெரியும்.

இதனால் அபராதமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் என்று தாங்கள் கருதலாகாது. அபராதம் வேண்டும். முகூர்த்த நாளிலும் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும், இரு ஓரமும் இரண்டடுக்காக வண்டிகள் நின்று, நடுவே லோடு ஆட்டோ ஒன்று மூட்டை இறக்கிக்கொண்டிருக்க, 108 வண்டி சங்கை ஊதிக்கொண்டே அசையாமல் நிற்கும் காட்சியைக் கண்ட எவரும் வேறு விதமாகச் சொல்லமாட்டார். பாலக்கரையிலும் காமராஜர் வளைவிலும் பேருந்து திரும்ப இடமில்லாதபடி நிறுத்துபவருக்காக நான் பரிந்து பேசவில்லை. இடையூறு செய்தவனைத் தண்டிப்பதற்கும், இடம் இல்லாமல் தவித்தவனைத் தண்டிப்பதற்கும் உள்ள பேதத்தைச் சலான் கருவி அறியாது. கருவியைப் பிடித்திருப்பவர் அறியலாம், ஆனால் அவருக்கு ஆதாரமாகத் தரையில் ஒரு கோடாவது வேண்டாமா?

அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி என்னும் நகரில், 1935ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காசு போட்டால் ஒரு மணி நேரம் நிற்கலாம் என்னும் கருவியை முதன்முதலில் வீதியில் நட்டார்கள். வருமானத்துக்காக மட்டும் அதை நடவில்லை. கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களே காலையில் வந்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மாலைவரை எடுக்காமற்போகவே, சாமான் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை என்பதே அங்கு எழுந்த முறையீடு. இந்த விவரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் நம்முடைய கடைவீதிகளிலும் காலை பத்து மணிக்கு வந்து இரவு ஒன்பது மணிவரை நிழலான இடத்தை ஆண்டுகொண்டிருப்பவை பெரும்பாலும் கடைக்காரரின் வண்டியும் கடைச் சிப்பந்தியின் வண்டியுமே. அவை சலானுக்கு அகப்படுவதும் அரிது. வாசலில் ஆள் இருப்பதால், காவலர் வரும் சமயம் பார்த்து நகர்ந்து, அவர் போனதும் திரும்பிவிடுகின்றன. அகப்படுகிறவர் கிராமத்திலிருந்து வந்த அந்நியர்தாம். வியாபாரிகள் சங்கத்தாரை அழைத்து இதைத் தாங்கள் நேரில் கேட்டாலொழிய, அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இன்னும் ஒரு தரப்பார் இருக்கிறார்கள். வணிகக் கட்டடம் எழுப்புவோர் அதன் அளவுக்கேற்ப வாகன நிறுத்துமிடம் விடவேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் விதிக்கின்றன. வரைபடத்தில் அந்த இடம் அழகாக இருக்கும். அனுமதி கிடைத்த பின் அது சரக்குக் கிடங்காகவோ, வாடகைக்கு விட்ட மற்றொரு கடையாகவோ அவதாரம் எடுப்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைவீதியிலும் காணலாம். அங்கே நின்றிருக்கவேண்டிய வண்டிதான் வீதியில் நின்று 500 ரூபாய் கட்டுகிறது. கிடங்கின் உடைமையாளருக்கு எவரும் சலான் அனுப்புவதில்லை.

அரியலூரின் நிலை இன்னும் ஒரு படி கடினம். சுண்ணாம்புக்கல்லையும் சிமெண்டையும் சுமந்த லாரிகள் வட்டாரச் சாலைகளை அல்லும் பகலும் நிறைத்திருக்க, அங்கே வீதியோரத்தில் வண்டி நிறுத்துவது சௌகரியக் குறைவோடு நின்றுவிடாமல் பிராண சங்கடமாகவும் முடியக்கூடும். குறிப்பிட்ட நேரங்களில் குறிப்பிட்ட வாகனங்களைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடம் தருகிறது. லாரிக்கு நேரம் வகுப்பவர்கள் இருசக்கர வண்டிக்கு இடத்தையும் சேர்த்தே வகுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

நான் கேட்பவை சிலவே. கடைவீதியில் வெள்ளைக் கோடு இழுத்து, அரை மணி நேரம் நிற்கலாம், ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று தமிழில், நடந்து வருபவர் படிக்கும் அளவு எழுத்தில் பலகை வையுங்கள். சரக்கு இறக்குவதைக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் இரவு கடையடைத்த பின்னும் என்று ஒதுக்குங்கள். நாள் முழுதும் நிற்கும் வண்டிகளுக்கு நகராட்சி சற்றுத் தள்ளி ஓரிடம் காட்டி, ஐந்தோ பத்தோ கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். கடைக்காரர் அங்கிருந்து நடந்து வருவதால் ஒரு நஷ்டமும் இல்லை. சலானில் வரும் படத்தில் வண்டியோடு பலகையும் தெரியவேண்டும் என்று உத்தரவிடுங்கள். மின்னணுக் கருவியால் கண்காணிக்கும் சாலைகளில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்கவேண்டும் என்று 2021இல் மத்திய அரசு வகுத்த விதியே கூறுவதால், இது புதுமையான கோரிக்கை அன்று. அரசு முத்திரை பொறித்த ஜீப் கோட்டுக்கு வெளியே நின்றால், அதற்கும் அதே 500 ரூபாய் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு ஜீப்புக்கு விதித்தால் போதும், ஊர் முழுவதும் கோட்டை மதிக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் கோட்டைத் தாண்டி நிறுத்துபவர் எவராயினும் அவரிடம் முழுத் தொகையையும் தயவின்றி வசூலியுங்கள். ஒருவரும் ஆட்சேபம் சொல்லார். அதுவரை, முதல் முறை அகப்பட்டவரை எச்சரிக்கையோடு அனுப்பும்படி காவல் துறையைக் கேட்டுக்கொள்ள வேண்டுமென்றும், சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே 117ஆம் பிரிவை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடைவீதிக்கு வந்துபோகும் குடிமகன் ஒருவன்