பார்த்து வரைந்ததுதானே!



சென்ற வாரம் கைப்பேசியில் பழைய ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோசப் ரைட் என்ற ஆங்கிலேய ஓவியர் மாணவப் பருவத்தில் சாக்கால் வரைந்த ஒரு தலை கண்ணில் பட்டது. உடனே என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரைட் 1734-இல் டெர்பி என்ற ஊரில் பிறந்தவர். 1751-இல் லண்டன் சென்று தாமஸ் ஹட்சன் என்ற உருவப்பட ஓவியரிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சேர்ந்த உடனே கையில் வண்ணத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துக் கண், மூக்கு, காது, பிறகு முழுத் தலை என்று வரைந்து பழக வேண்டும். ஹட்சனிடம் முன்பு படித்த ஜோஷுவா ரெனால்ட்ஸும் குவெர்சினோ என்ற இத்தாலியரின் கோட்டோவியங்களைப் பார்த்து வரைந்தவர்தான். அவரே பின்னாளில் ராயல் அகாடமியின் முதல் தலைவர்.

இந்தச் சாக், நம் கரும்பலகைச் சாக்பீஸ் அல்ல. கறுப்புச் சாக் மண்ணிலிருந்து எடுக்கும் ஒரு மென்மையான கல். நிறமுள்ள தாளில் நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை. நடுத்தரமான இடங்களைத் தாளின் நிறமே பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒரு தலையை வரைபவர் 'ஒளி எங்கே விழுகிறது?' என்று தன்னையே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. 1768-இல் ரைட் வரைந்த காற்றுப்பம்புச் சோதனை ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைப் பறவை. காற்றை எடுத்துவிட்டால் அது இறந்துவிடும். சுற்றி நிற்பவர்களின் முகங்களில் மட்டும் வெளிச்சம். ஒரு சிறுமி பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒவ்வொரு தலையிலும் ஒளி விழும் விதத்தைப் பாருங்கள். சாக்கில் பழகிய கை அது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. 1753-இல் ஊர் திரும்பி ஓவியராகத் தொழில் தொடங்கியவர், 1756-இல் மீண்டும் அதே ஹட்சனிடம் மாணவராக வந்து சேர்ந்தார். கற்றது போதவில்லை என்று தோன்றியதும் ஆசிரியரிடம் திரும்பிப் போக அவர் வெட்கப்படவில்லை.

இப்போது என் தவறு. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வார இதழ் அட்டையில் இருந்த பாட்டியின் முகத்தைப் பென்சிலால் வரைந்து ஆசையோடு கொண்டுவந்தாள். "பார்த்து வரைஞ்சதுதானே! சொந்தமா வரைஞ்சு கொண்டு வா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்காட்சியிலும் வைக்கவில்லை. அதன்பிறகு அவள் என்னிடம் எந்தப் படத்தையும் காட்டவில்லை.

இரட்டைக்கோடு நோட்டில் தினமும் ஒரு பக்கம் பார்த்து எழுதச் சொன்னதும் நான்தான். எழுத்துக்குப் பார்த்து எழுதுவது பயிற்சி என்றால், படத்துக்கு மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது வேறு, கற்றுக்கொள்ளப் பார்த்து வரைவது வேறு. இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை பார்த்து வரைந்த படத்தைக் கொண்டுவந்தால், "எதைப் பார்த்து வரைஞ்சே? எந்த இடம் கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். பின்பக்கம் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். எல்லாரும் ரைட் ஆகப் போவதில்லை. ஆனாலும் ஒரு முகத்தை உற்றுப் பார்க்கப் பழகிய பிள்ளை மனிதர்களையும் உற்றுப் பார்க்கும்.

அந்த மாணவி இதைப் படித்தால்: அம்மா, தவறு என்னுடையது. இப்போதும் வரைகிறாயா? ஒரு படம் அனுப்பு. பார்த்து வரைந்ததாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்