வறுப்பதும் பொரிப்பதும்

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்பு மாணவருக்கு, "எங்கள் வீட்டுப் பகலுணவு" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். இதனிலும் இலகுவான பொருள் வேறில்லை என்பது என் எண்ணம். கொப்பிகளைத் திருத்தத் தொடங்கியதும் அவ்வெண்ணம் கலைந்தது. ஆண்பிள்ளைகளுட் பெரும்பாலார் மீனையும் 'சமைத்திருந்தார்கள்', கீரையையும் 'சமைத்திருந்தார்கள்', அப்பளத்தையும் அவ்வாறே. ஒருவன் மிளகாயை எண்ணெயின்றிப் 'பொரித்திருந்தான்'.

வாசகர் நகைக்கக்கூடும். ஆனால், இதே வகுப்பினர்தாம் 'அடிசில் உண்டான்' என்று சொல்லுதல் வழு என்பதைப் பிழையற ஒப்புவிப்பவர்கள். அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நான்கிற்கும் பொதுவாகலின், 'அயின்றான்' என்னும் பொதுவினை கொண்டே முடித்தல் வேண்டும் எனத் தொல்காப்பிய உரையாசிரியர் கூறுவதை நானே கற்பித்திருக்கிறேன். உண்ணும் வினையில் இத்துணை நுட்பம் அறிந்த பிள்ளைக்கு அடுப்பு வினைகள் தெரியவில்லை. மனைப்பொருளியல் என்றொரு பாடம் உண்டு. ஆயினும் ஆண்பிள்ளைகள் அப்பக்கம் தலைவைப்பது அரிது.

ஆகவே மறுநாள் இலக்கண நூலை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையிலே வினைச்சொற்களை எழுதினேன். வெறுஞ்சட்டியிலே சூடேற்றுவது வறுத்தல். காய்ந்த எண்ணெயிலே அமிழ்த்தி எடுப்பது பொரித்தல். சிறிதளவு எண்ணெயில் நீர் வற்றித் துவளச் செய்வது வதக்கல். இலையையோ கத்தரிக்காயையோ அனலிலே காட்டுவது வாட்டுதல். பிட்டும் இடியப்பமும் ஆவியிலே அவிகின்றன. கிழங்கு நீரிலே அவிகின்றது. இரண்டிற்கும் அவித்தல் என்றே சொல்கிறோம். கிழங்கைத் தணலிற் சுடுகிறோம், தோசையைக் கல்லிற் சுடுகிறோம், வடையை எண்ணெயிற் சுடுகிறோம். "அப்படியானால் வடையைப் பொரித்தல் என்று ஏன் சொல்வதில்லை, சேர்?" என்று ஒரு மாணவி வினவினாள். வழக்கு அப்படி என்றேன். வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

இனி, என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், "அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் நான்தான் சோறாக்குவேன்" என்று எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்து வழக்கிலே வளர்ந்த என் கை, 'சோறாக்குவேன்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'சோறு சமைப்பேன்' என்று மேலே எழுதியது. அதனோடு நில்லாமல், பேச்சுவழக்கை எழுத்திற் கலவாதீர்கள் என்பதற்கு உதாரணமாக அவ்வாக்கியத்தை வகுப்பிலே வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்தான். அதன்பின் பல நாள் என் பாடத்தில் அவன் வாய் திறக்கவில்லை.

பிறிதொரு சொல்லைத் தேடிச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியபோது, 'ஆக்குதல்' கண்ணிற் பட்டது. சமைத்தல் என்னும் பொருள் அங்கே அச்சாகி இருந்தது. 'சமைத்தல்' என்பதற்கும் உண்டாக்குதல், படைத்தல் என்ற பொருள்கள் உண்டு என்பதை நான் அறியாதவனல்லன். இரண்டும் ஒரே கருத்திலே பிறந்த சொற்கள். ஒன்றை வீட்டிலே கேட்டேன், மற்றதைக் கேட்கவில்லை, அவ்வளவே.

அடுத்த பாடவேளையிலே வகுப்பின் முன் நின்று, திருத்தியது என் தவறு என்றேன். பின்னர், தத்தம் வீட்டு அடுக்களைச் சொற்களை எழுதிவருமாறு எல்லாரையும் கேட்டேன். கண்டியிலே இதற்குக் குறைவேது? ஒரே வகுப்பிலே மிளகாயும் கொச்சிக்காயும் வந்தன. அம்மம்மா திருவலையில் தேங்காய் திருவினாள்; மற்றொரு வீட்டிலே பாட்டி துருவினாள். குசினியும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை என்று கேட்டு வியந்தார்கள். அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் சொல்லும் 'தெம்பராது'வும் அவர்களது மொழியிலிருந்து வந்ததே என்றதும் வியப்பு மிகுந்தது. நமது சுண்டு அவ்வம்மையார் வீட்டிலே 'ஹுண்டுவ' ஆகிறது. அரிசி அளப்பது ஒன்றுதான். ஓரிரு சொற்களுக்கு நானே பொருள் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மிக நீண்ட பட்டியல் அந்த மாணவனுடையது. அவன் தாயார் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கிற்குச் சென்று இரண்டாண்டுகள் ஆகின்றன. தொலைபேசியிலே அவர் சொல்லச் சொல்ல இவன் அடுப்படியில் நின்று செய்வானாம். "வெங்காயத்தை வதக்கு" என்று அம்மா சொன்ன முதல் நாள், வதக்குதல் இன்னதென்று அறியாமல் கருகவிட்டதையும், மூவரும் அன்று வெறுஞ்சோற்றை உப்பிட்டு உண்டதையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். வகுப்பிலே இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மணி அடித்தபின் என்னருகே வந்து, "சேர், கொழம்பைச் சுண்டவையென்று அம்மா சொல்லுறாங்க. எவ்வளவு நேரம் வைக்கணும்?" என்று கேட்டான். பொருளை உடனே சொன்னேன்: நீர் வற்றி இறுகக் காய்ச்சுதல். நேரம் எனக்குத் தெரியவில்லை. வீட்டிலே மனைவியைக் கேட்டேன். நேரத்தைப் பாராமல் அகப்பையைப் பார்க்கும்படியும், குழம்பு அதிலே ஒட்டி மெல்ல வழிந்தால் இறக்கலாம் என்றும் சொன்னாள். நாளை அவனிடம் சொல்லவேண்டும்.