தராசைக் காட்டுங்கள்

பெண்ணின் மூளை அறிவியலுக்கு ஏற்றதா என்ற கேள்வி மிகப் பழையது. 2005 ஜனவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் அதை மீண்டும் கிளப்பினார். அறிவியலின் உயர் பதவிகளில் பெண்கள் குறைந்திருக்க இயல்பான திறன் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் அதை மறுத்து எழுதினார் பென் பாரஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி, திருநம்பி. 1997இல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, ஆணாக வாழத் தொடங்கியவர்.

பெண்ணாக அறியப்பட்ட மாணவப் பருவத்தில், எம்.ஐ.டி. வகுப்பில் வேறு யாருக்கும் விடை வராத கணக்கைப் போட்டுக் காட்டினார். காதலன் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார் பேராசிரியர். பின்னாளில் பென் பாரஸாக உரையாற்றியபோது, இவருடைய ஆய்வு இவர் சகோதரியின் ஆய்வைவிட மேலானது என்று ஒருவர் பாராட்டினார். அந்தச் 'சகோதரி'யும் பாரஸேதான். மூளை அதே மூளை. பெயரும் தோற்றமும்தான் வேறு.

அவர் ஆராய்ந்தது கிளையா செல்களை. கிரேக்கத்தில் பசை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். நியூரான்களுக்கு இடையே இட்டு நிரப்பும் பொருளாகவே அவை நெடுங்காலம் கருதப்பட்டன. எலியின் விழித்திரை நியூரான்களைத் தனியே பிரித்து வளர்த்தது பாரஸின் ஆய்வகம். தனித்து விடப்பட்டவை மிகச் சில இணைப்புகளையே உண்டாக்கின. ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளையா செல்கள் உடனிருந்தபோது இணைப்புகள் பல மடங்கு பெருகின. ஒரு செல்லின் ஆற்றலே சுற்றியிருப்பவற்றால் கூடிக் குறைகிறது. பெண்ணின் திறனை மட்டும் சூழலை மறைத்துவிட்டு அளப்பது என்ன அறிவியல்?

2004இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் முதன்முதலாக வழங்கிய 'முன்னோடி' விருதைப் பெற்ற ஒன்பது பேரும் ஆண்கள். பாரஸ் உள்ளிட்டோர் எதிர்த்தனர். தேர்வு முறை திருத்தப்பட்டது; மறு ஆண்டே பெண்களும் விருது பெற்றார்கள். ஓராண்டுக்குள் பெண்களுக்குப் புது மூளை முளைத்துவிட்டதா?

பாரஸ் 2017இல் மறைந்தார். அவர் சொன்னதைப் பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அப்போது அது புலம்பல் எனப்பட்டது. இருபுறமும் வாழ்ந்த ஒருவர் ஆணாக நின்று சொன்ன பிறகே அது சான்றானது. இந்த அநியாயத்தையும் கணக்கில் எழுதிக்கொள்வோம். திறனை நிரூபிக்கச் சொல்லி நம்மை எடைபோடுகிறவர்கள், முதலில் தங்கள் தராசைக் காட்டட்டும்.